அப்பாவின் முன்பல்லும் மூன்று சவ்வுகளும்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

பலேர்மோவிலிருந்து சாம்பவி வணக்கத்துடன் எழுதுவது. அப்பாவின் மேல் முன்பல் ஒன்றைத் தவிர இங்கே எல்லோரும் நலம். தொலைபேசியில் சொன்னால் நீங்களும் அப்பாவும் சத்தம் போடுவீர்கள் என்பதால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். செவ்வாய்க்கிழமை அப்பாவுக்குப் பல் வைக்கிறார்கள். அதற்குள் நீங்கள் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

பல் விழுந்த இடத்தில் எலும்பு தேய்ந்துவிட்டதாம். எலும்பு மெதுவாகத்தான் வளரும், ஈறு வேகமாக வளர்ந்து அதன் இடத்தைப் பிடித்துவிடும், ஆகவே நடுவில் ஒரு சவ்வு வைத்துத் தைக்க வேண்டும் என்று பல் டாக்டர் கத்தரீனா சொன்னார். இருபது வருடமாக வேலி வழக்கு நடத்தும் உங்களுக்கு இது உடனே விளங்கும். சவ்வில் மூன்று வகை. மாட்டில் செய்தது, பன்றியில் செய்தது, இரண்டும் ஆறு மாதத்தில் தானாகக் கரையும். மூன்றாவது பிளாஸ்டிக் மாதிரி, கரையாது, மறுபடி வெட்டித்தான் எடுக்க வேண்டும். நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். மாடு என்றதும் அப்பா "சிவ சிவா" என்று நாற்காலியை விட்டே எழும்பிவிட்டார். அடுத்தது பன்றி என்றேன்.

"பண்டியோ? வெள்ளிக்கிழமை மச்சமாமிசம் தொடாதவன்ரை வாய்க்குள்ளையோ?"

"விழுங்கிறேல்லை அப்பா, ஈறுக்குள்ளை தைக்கிறது."

"கரையும் எண்டனீ. கரைஞ்சு எங்கை போகும்?"

"உடம்புக்குள்ளை."

"அப்ப அது சாப்பிட்டதுதானே!"

எண்ணிப் பார்த்தேன். ஆறு மாதத்தில் இருபத்தாறு வெள்ளிக்கிழமைகள், கந்தசஷ்டி ஆறு நாள் தனி. பிளாஸ்டிக் என்றால் இரண்டு வெட்டு. அப்பாவோ பல்லரோ சந்தையில் வாள்மீன் வெட்டும் கடையைக் கண்ணை மூடிக்கொண்டு கடப்பவர். அம்மா, "பேசாமல் பொக்கை வாயோடை இருங்கோ, கடவுளுக்கும் கரைச்சலில்லை" என்கிறா. ஆனால் பல் விழுந்த நாளிலிருந்து அப்பா சிரித்தால் கை வாயை மறைக்கிறது. வரப்போகும் ஆரணி அக்காவின் கலியாணப் படத்திலும் அப்படித்தான் நிற்பாராம். எனக்கு அது பிடிக்கவில்லை.

பெரியம்மாவுக்கும் ஆரணி அக்காவுக்கும் என் அன்பு. வேலி உங்கள் பக்கம் சாயாதிருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பெறாமகள் சாம்பவி

பி.கு.: தீர்ப்பு வேண்டாம், பெரியப்பா. "ரெண்டு வெட்டெண்டாலும் பரவாயில்லை, எனக்கு விரதம்தான் பெரிசு" என்று அப்பா பிளாஸ்டிக்கையே கேட்டுவிட்டார். அம்மாவுக்கே கண் கலங்கியது. பிறகு சம்மதப் படிவத்தை நான் வாசித்தேன். நாலாம் பக்கத்தில் இருந்தது: எந்தச் சவ்வு வைத்தாலும் அதன் கீழே எலும்புத் தூள் நிரப்புவார்களாம். மாட்டெலும்பு. பல வருடம் கரையாதாம். "நாலாம் பக்கத்திலை என்ன பிள்ளை கிடக்கு?" என்று அப்பா கேட்டார். "கையெழுத்து வைக்கிற இடம், அப்பா" என்றேன். அதுவும் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது.