சாட்டிலைட்டுக்கு ஒரு கறுப்புத் திரை

“இந்த ஃபிலிமை ஒட்டினா வெயில் பொட்டுகூட உள்ள வராது சார்,” என்றார் கார் கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டும் கடைக்காரர்.

“வெயில் வந்தா வந்துட்டுப் போகுது. சாட்டிலைட் வருமா?” என்று கேட்டார் லிஃப்ட் மெக்கானிக்.

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “உலோகம் கலந்த பழைய சரக்கு ஒண்ணு கிடக்கு. ஒட்டினவங்க எல்லாம் மேப் வேலை செய்யலைன்னு சண்டைக்கு வந்தாங்க.”

“அதேதான் வேணும்! ஒரு கண்ணாடி விடாம ஒட்டுங்க.”

பாவம், மனிதருக்கு அவ்வளவு நெருக்கடி. சர்க்கரை ஏறிவிட்டதென்று டாக்டர் இனிப்புக்குத் தடை போட்டு இரண்டு மாதமாகிறது. வேலைக்குப் போகிற வழியில் பேக்கரிப் பக்கம் லேசாக ஒதுங்கினால் போதும், மனைவியிடமிருந்து போன் வந்துவிடும். எங்கே இருக்கிறீர்கள் என்றெல்லாம் கேட்கமாட்டாள். நேராக, “அந்த ரெண்டாவது க்ரீம் பன்னைக் கீழ வைங்க” என்பாள்.

எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு, “எல்லாம் மேப்புல தெரியுது” என்று ஆகாயத்தைக் காட்டினாள். பன் எண்ணிக்கைகூடவா தெரியும் என்று ஒரு கணம் யோசித்தார்தான். விஞ்ஞானம் எங்கேயோ போய்விட்டது என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார்.

நேற்று கடைசி எச்சரிக்கையும் வந்துவிட்டது. “இன்னொரு தடவை மாட்டினீங்க, அப்புறம் தினமும் நானும் உங்ககூட வண்டியில வருவேன். காலையில கிளம்பினா சாயங்காலம் வரைக்கும்!”

அதனால்தான் இன்று காலையிலேயே இந்தக் கடைக்கு ஓடிவந்தார்.

ஃபிலிம் ஒட்டி முடிந்ததும் காருக்குள் உட்கார்ந்து மேப்பைத் திறந்தார். ‘ஜி.பி.எஸ். சிக்னல் இல்லை’ என்றது. அப்பாடா! சாட்டிலைட்டின் கண்ணிலேயே மண்ணைத் தூவியாயிற்று என்று சீட்டியடித்துக்கொண்டு கிளம்பினார்.

சீட்டி முடிவதற்குள் ஒரு புதுக் கட்டடத்தின் வாட்ச்மேன் போனில் கூப்பிட்டார். “அண்ணே, லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுடுச்சு. உள்ள ஓனர் மாட்டிக்கிட்டார். ஓடி வாங்க!”

எப்படி ஓடுவது? வழி தெரியாது. வழி சொல்லவேண்டிய மேப்புக்கோ இவரே காசு கொடுத்துக் கண்ணைக் கட்டியிருக்கிறார்.

கண்ணாடியை இறக்கிப் போனை வெளியே நீட்டினார். அம்புக்குறி உயிர் பெற்றது. அடுத்த நொடி போன் ஒரு ஸ்கூட்டர்காரரின் ஹெல்மெட்டில் போய் இடித்தது. நடு ரோட்டில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

பிறகு போனைக் கார் கூரைமேல் டேப் போட்டு ஒட்டினார். இப்போது மேப்புக்கு எல்லாம் தெரிந்தது, இவருக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை. “இடப்பக்கம் திரும்பவும்” என்று அது மேலே கத்தும். இவர் தலையை நீட்டிக் காது கொடுப்பதற்குள் திருப்பம் பின்னால் போய்விடும். நடுநடுவே போன் அடித்தால் வண்டியை நிறுத்தி, இறங்கி, கூரையோடு பேசவேண்டும்.

“எங்கண்ணே இருக்கீங்க? ஓனர் உள்ளேயிருந்து கிழி கிழின்னு கிழிக்கிறார்!”

“இதோ, வந்துட்டேன்!”

அரை மணி நேரம் சுற்றிச் சுற்றி அவர் வந்து நின்ற இடம் பேக்கரி வாசல். சத்தியமாகத் திட்டமிட்டு வரவில்லை, நம்புங்கள். அங்கே கூரை மறுபடி அடித்தது.

“வரவேணாம்ணே. கரண்ட் வந்து லிஃப்ட் தானா இறங்கிடுச்சு. ஓனர் வேற ஆளைப் பாக்கச் சொல்லிட்டார்.”

மனம் உடைந்துபோயிற்று. உடைந்த மனத்துக்கு ஏதாவது கொடுக்கவேண்டாமா?

“வழக்கமானதுதானே அண்ணே?” என்று பேக்கரிக்காரர் தட்டோடு வந்தார்.

கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து உட்கார்ந்து, நிம்மதியாகச் சாப்பிட்டார். மூன்றாவது பன்னின் கடைசி வாய் உள்ளே போகும்போது கூரை அடித்தது. மனைவி.

“கார்ல ஒளிஞ்சுக்கிட்டா தெரியாதா? மூணு! அங்கேயே இருங்க, வர்றேன்.”

பத்தே நிமிடத்தில் ஆட்டோவில் வந்து இறங்கினாள். முன் சீட்டில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். சுற்றிலும் பார்த்தாள்.

“பரவாயில்லையே, வெயிலே தெரியலை. இனிமே தினமும் சௌகரியமா வரலாம்.”

மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டு, காலித் தட்டை வாங்க வந்த பேக்கரிக்காரரிடம் புலம்பினார். “போனை உள்ள வெச்சிருந்தா தப்பிச்சிருப்பேன்பா. கூரைமேல ஒட்டினேன் பாரு, சாட்டிலைட் பாத்துத் தொலைச்சிடுச்சு!”

பேக்கரிக்காரர் ஒன்றும் புரியாமல் அவரைப் பார்த்தார்.

“எந்த சாட்டிலைட் அண்ணே? ஒவ்வொரு பன்னுக்கும் அண்ணிக்குப் போன் போடுறது நான்தானே!”