எதிர்காலமே இல்லாத மனிதர்

எதிர்காலமே இல்லாத, அதைப் பற்றித் துளியும் கவலைப்படாத மனிதர் கோயமுத்தூர் ஜில்லாவிலேயே ஒருவர்தான் இருந்தார். அவருடைய சொந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. 'இறந்தகாலம்' என்றால் டீக்கடைக்காரருக்குக்கூடத் தெரியும்.

தொண்ணூறுகளில், எபிரேய வேதத்தை எளிய தமிழில் மொழிபெயர்க்கும் சின்ன அலுவலகம் ஒன்றில் நான் கம்ப்யூட்டரில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அன்னூரில் மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்துவிட்டு பஸ் ஏறி வந்தவனுக்கு எபிரேயம் எங்கே தெரியும்? தாராபுரத்துக்காரரான இறந்தகாலம் அங்கே மொழிபெயர்ப்பாளர். ஈரோட்டிலிருந்து வந்த போதகர் ஒருவர் எங்கள் தலைவர். இருவருக்கும் தினமும் சண்டை நடக்கும், அதுவும் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டு.

சண்டை ஒரே விஷயத்துக்குத்தான். தீர்க்கதரிசிகள் இனிமேல் நடக்கப்போவதையும் நடந்து முடிந்ததாகவே சொல்லிவிடுவார்களாம். 'வருவார்கள்' என்று நாம் எதிர்பார்க்கும் இடத்தில் எபிரேயத்தில் 'வந்துவிட்டார்கள்' என்று நிற்குமாம். தமிழிலும் அப்படியே நிற்கவேண்டும் என்பது இறந்தகாலத்தின் கட்சி.

"ஏனுங்க, படிக்கிறவங்க கொழம்பிப்போவாங்க. 'வருவார்கள்'னே போடுங்க" என்பார் போதகர்.

"குளிச்சுட்டு இருக்கறவன வாசல்ல நின்னு கூப்பிட்டா என்னங்க சொல்றான்? 'இதோ வந்துட்டேனுங்க'ங்கறான். தலையெல்லாம் சோப்புங்க! அதுல யாராச்சும் கொழம்பறாங்களா?"

போதகர் சிவப்புப் பேனாவை எடுத்து, வந்தவர்களையெல்லாம் வரப்போகிறவர்களாக மாற்றிவிடுவார். மறுநாள் இறந்தகாலம் அத்தனை பேரையும் திரும்பக் கூட்டிவந்துவிடுவார். நடுவில் கிடந்து டைப் அடித்து என் விரல்தான் தேய்ந்தது.

இலக்கணம் மேஜையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒருநாள் அச்சகத்துக்கு ஃபோன் போட்டு, "முழுசா முடிச்சுப்போட்டேனுங்க, வந்து வாங்கிக்குங்க" என்றார். அச்சக முதலாளி அந்த வெயிலில் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். மேஜையில் ஒற்றைத் தாள் கிடந்தது.

"என்னங்க இது?"

"வேலை முடிஞ்சுதுங்க. எழுதறது மட்டுந்தான் பாக்கி."

அச்சக முதலாளி ஹெல்மெட்டைக் கழற்றாமலே திரும்பிப் போனார்.

இந்தச் சமயத்தில்தான் இறந்தகாலத்தின் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் ஆகி, வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். சில வாரம் கழித்து ஒரு காலையில் இறந்தகாலம் மைசூர்பாகு டப்பாவோடு ஆபீசுக்கு வந்தார். "அம்மணி எந்திரிச்சு நடந்துட்டாளுங்க!"

எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்காலமே ஆப்பிளும் பூவுமாகச் சுங்கம் பகுதியில் இருந்த அவர் வீட்டுக்குப் போனோம். அந்த அம்மா கட்டிலில் அசையாமல் படுத்திருந்தார்.

"வாங்க கண்ணு. நடந்துட்டேன்னு சொன்னாராக்கும்? பொரண்டு படுக்கவே முடியல, இதுல எங்க நடக்கறது!"

போதகருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏனுங்க, இப்பிடிப் பொய் சொல்லலாமுங்களா?"

"பொய் இல்லீங்க ஐயா, வினைமுற்று" என்று சொல்லிவிட்டு, காப்பி போடுகிறேன் என்று அடுக்களைக்குள் நழுவினார் இறந்தகாலம்.

நாலு வார்த்தை கேட்டே தீர்வது என்று பின்னாலேயே போனேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

"இனி நடக்கறது சந்தேகம்னு டாக்டரு சொல்லிப்போட்டாருங்க. அவரு எதிர்காலத்துல பேசறாரு. எனக்கு அதக் கேக்கத் தெம்பில்லீங்க. அதான் நான் முந்திக்கிட்டுச் சொல்லிப்போட்டேன். இனி அவ நடந்துதானுங்களே ஆகோணும்?"

அடுப்பை அணைத்தேன். அதற்குப் பிறகு தினமும் அவர் சேதி சொல்வார். மாடிப்படி ஏறிவிட்டாள், மார்க்கெட்டுக்குப் போய்விட்டாள் என்பார். போதகர் உட்பட ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. "அப்பிடீங்களா, சந்தோசமுங்க" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தோம்.

மழை பிடித்துக்கொண்ட ஒருநாள் அவர் வேலைக்கு வரவில்லை. மத்தியானம் ஃபோன் அடித்தது, எடுத்தேன். வீட்டுக்கு எதிரே இருக்கும் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினார்.

"அம்மணி... வாக்கரப் புடிச்சுக்கிட்டு... நடக்கறாளுங்க. இங்கிருந்தே தெரியுதுங்க. இப்ப வாசப்படிகிட்ட வாராளுங்க. நடக்கறா... நடக்கறா..."

அவர் நிகழ்காலத்தில் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. தூரத்தில் அந்த அம்மாவின் குரல் கேட்டது. "அட, போன வெச்சுப்போட்டு வந்து கையப் புடிங்க!"

"அம்மா நடக்கறாங்களாமுங்க" என்றேன். போதகர் தலையைத் தூக்கினார். "இந்தத் தடவ நெசமாங்களா?"

"நெசமுங்க" என்றேன். ரிசீவரைக் கீழே வைக்க மனசு வரவில்லை. தினமும் நான் திட்டிக்கொண்டே டைப் அடித்துக் கொடுத்த அந்த மனுஷன்மேல் எனக்கு இவ்வளவு பிரியம் இருந்தது, அந்த நிமிஷம் வரை எனக்கே தெரியாது.