ஆறு கருவாடும் ஒழுங்கு விசாரணைக் குழுவும்

நீதிதேவதைக்கு நிரந்தர முகவரி உண்டா என்று கேட்டால், பிலிப்பைன்ஸில் எங்கள் தீவுச் சிறையின் ஒழுங்கு விசாரணைக் குழு என்று தயங்காமல் சொல்வேன். ஐந்து வருடமாக அங்கே தட்டச்சு செய்யும் கைதி நான். என்னைவிட யாருக்குத் தெரியும்?

படகோட்டி கிரிசாந்தோவுக்குத் தண்டனை முடிய மூன்று நாள் இருந்தபோது, அவன் தலையணைக்குள் சிறையில் தடைசெய்யப்பட்ட கருவாடு ஆறு அகப்பட்டது. குற்றச்சாட்டு நிலுவையில் இருப்பவனை விடக்கூடாது என்பது விதி. குழுவின் மூவரும் ஒருசேர அமர்ந்தே விசாரிக்கவேண்டும் என்பது இன்னொரு விதி. முதலில் பாதிரியாருக்குத் திருவிழா. அடுத்து நர்ஸுக்குப் புயல் விடுமுறை. பிறகு கண்காணிப்பாளர் புலாவோங்குக்குக் கரோக்கே பாட்டுப் போட்டியில் தொண்டை கட்டிவிட்டது. நீதியை ஜாடையில் வழங்க முடியுமா?

கிரிசாந்தோவின் மனைவி லூர்தித்தா திங்கள்தோறும், அவன் வீடு திரும்பப் போட்டுக்கொள்ள ஒரு சலவைச் சட்டையோடு வந்து, வாசலில் நின்று, அதே சட்டையோடு திரும்பினாள். நான்காம் மாதம் ஒரு திங்கள் அவள் வரவில்லை. அன்று அவன் சோற்றைத் தொடவில்லை.

ஒருவழியாகக் குழு கூடியது. கருவாடு எங்கே என்றார் கண்காணிப்பாளர். காவலர் பெர்னாபே தலையைச் சொறிந்தார்.

"கெட்டுப்போயிடுமேன்னு வறுத்துட்டோம் ஐயா. நீங்க மூணு பேருந்தான் ஆளுக்கு ரெண்டு சாப்பிட்டீங்க."

சாட்சிப் பொருளைக் குழுவே 'முழுமையாக உள்வாங்கி'விட்டதால், கிரிசாந்தோ நிரபராதி என ஏகமனதாகத் தீர்ப்பாயிற்று. அப்போதுதான் நர்ஸ் பதிவேட்டைப் புரட்டினார்.

"ஐயா, இவன் ஜூன்லயே போயிருக்கணும். நாலு மாசமா அனுமதியில்லாம உள்ள தங்கியிருக்கான்."

புதிய குற்றச்சாட்டு அங்கேயே பதிவாயிற்று. ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார் கண்காணிப்பாளர்.

கிரிசாந்தோ அவரையே பார்த்தான். "ஒத்துக்கறேன் ஐயா. ஆனா நானா தங்கல. மூணு பேரு பிடிச்சு வச்சிருந்தாங்க. அவங்க பேரையும் எழுதிக்கச் சொல்லுங்க."

அதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. அவன் சொன்னது அவர்கள் யார் காதிலும் விழவில்லை. எனக்குக் கேட்டது. ஒரு நிரபராதியை நான்கு மாதம் அடைத்துவைத்த குற்றத்தை ஒப்புக்கொள்வதாக மூன்று பெயர்களையும் தட்டினேன். மூவரும், தங்கள் வழக்கம் மாறாமல், படிக்காமலே கையெழுத்திட்டார்கள்.

அந்தத் தாளைப் பார்த்த சிறைத் தலைமையகம் கிரிசாந்தோவை உடனே விடுவித்தது. சிறைச் சட்டையோடே படகேறிப் போனான். மூவருக்கும் பாராட்டுப் பத்திரம் வந்தது: 'தம் குற்றத்தைத் தாமே எழுதி ஒப்புக்கொண்ட முதல் அதிகாரிகள்.'

கண்காணிப்பாளர் அதையும் படிக்கவில்லை. சட்டம் போட்டுத் தம் நாற்காலிக்கு மேலே மாட்டிக்கொண்டார். எங்கள் சிறையில் சட்டத்துக்கு உட்பட்டு இருப்பது இன்றுவரை அது ஒன்றுதான்.