தாந்த் நனையாமல் பார்த்துக்கொள்ளவும்

புரோக்ராம் போடுகிறவர்கள் என்று மனிதரில் ஓர் இனம் உண்டு. வருஷம் முழுக்கச் சாதுவாகக் கிடக்கும் இந்த இனம், நாலு நாள் லீவு சேர்ந்து வந்தால் போதும், வீட்டுக்கு ஒருவராகக் கிளம்பிவிடும். அடையாளம் சுலபம். சட்டைப் பையில் நாலாய் மடித்த தாள், காதில் பேனா, இடது கையில் கடிகாரம். வலது கை சும்மா இருக்கும், அது மற்றவர்களை விரட்டுவதற்கு. ஊர் பார்க்கக் கிளம்பும் இவர் ஊரைப் பார்க்கமாட்டார், தாளைப் பார்ப்பார். கேள்வி கேட்பார், பதிலைக் கேட்கமாட்டார். ஃபோனுக்குள் உட்கார்ந்து வழி சொல்லும் பெண்ணோடு சண்டை போட்டு, அவள் இடது பக்கம் திரும்பச் சொன்னால் வீம்புக்கு வலது பக்கம் திரும்புவார்.

நம்பவில்லையா? புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் லேத்துப் பட்டறை வைத்திருக்கும் தனிஸ்லாஸைப் பாருங்கள். இரும்பை நூல் பிசகாமல் கடைகிறவர். குடும்பத்தையும் அப்படியே கடைந்துவிடலாம் என்று நம்புகிறவர். போன வருஷம் ஏற்காட்டுக்கென்று அவர் போட்ட புரோக்ராம், ஆத்தூர்ப் பக்கம் குறுக்கு வழி என்று இறங்கி, ஒரு கோழிப்பண்ணைக்குள் போய் முடிந்தது. இந்த வருஷம் ஜவ்வாது மலையில் டெண்ட் அடித்துத் தங்கப்போகிறோம் என்று அவர் அறிவித்ததும், மனைவி ஆனந்தமேரி அமைதியாகச் சொன்னாள்:

“ஏங்க, இந்தத் தடவையும் சொதப்புனீங்கன்னா அத்தோட சரி. பேப்பரும் பேனாவும் என் கையில. அடுத்த லீவுலருந்து கடலூரு, எங்கம்மா வீடு. பத்து நாளும் அங்கதான்.”

மாமியார் வீட்டில் பத்து நாள்! அங்கே புரோக்ராம் போடுவது மாமியார். ஒரு வீடு இரண்டு தாளைத் தாங்குமா?

ஆகவே தனிஸ்லாஸ் உயிரைக் கொடுத்து வேலை செய்தார். பிரான்சிலிருக்கும் அண்ணன் கொண்டுவந்து கொடுத்த டெண்ட்டைப் பட்டறையில் வைத்து விரித்துச் சுருட்டி, விரித்துச் சுருட்டி, ஏழு நிமிஷம் நாற்பது வினாடிக்குக் கொண்டுவந்தார். ஒன்பதாவது ஒத்திகையில் ஜிப் கிழிந்தது. வீட்டுக்குத் தெரியாமல், முதலியார்பேட்டையில் சீட் கவர் தைக்கும் ஹாஜாவிடம் கொடுத்துவிட்டார். தலைவர் எதையாவது கிழித்தார் என்று வெளியே தெரியலாமா?

இதுவரை சரி. கிளம்புவதற்கு முதல் நாள் அண்ணன் ஃபோனில் வந்தார். “டெண்ட்டு டெண்ட்டுன்றியே, அது பிரெஞ்சு சாமான்டா. தாந்த்னு சொல்லு.” தனிஸ்லாஸுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. தாளில் டெண்ட் என்று இருந்த இடத்தையெல்லாம் அடித்துவிட்டுத் தாந்த் என்று எழுதிச் சுத்தமாக ஒரு நகல் எடுத்தார்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இப்போதே விஷயம் புரிந்திருக்கும். மற்றவர்களுக்குச் சொல்லிவிடவேண்டும். இங்கே பழைய கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவற்றில் சித்தியும் தாந்த், அத்தையும் தாந்த். பிரெஞ்சில் எழுதினால் டெண்ட்டுக்கும் சித்திக்கும் ஓர் எழுத்து மாறுமாம். தமிழில் அந்த ஓர் எழுத்தும் கிடையாது. தனிஸ்லாஸுக்கும் ஒரு தாந்த் உண்டு: அம்மாவின் தங்கை ரூபி. வயது எழுபத்திரண்டு. காது மந்தம். குடியிருப்பது, வேறெங்கே, முதலியார்பேட்டையில்.

விடிகாலையில் மகன் ஜெர்ரி தாளை வாங்கிப் படித்தான். “பதினாலு: தாந்த், முதலியார்பேட்டை, ஐந்தரை மணி, வண்டியில் ஏற்றவும். பதினைந்து: தாந்த் மேல் யாரும் உட்காரக் கூடாது. பதினாறு: மழை வந்தால் தாந்த் நனையாமல் பார்த்துக்கொள்ளவும்.”

“அப்பாவுக்குத் தாந்த் மேல எம்மாம் பாசம் பாரும்மா!” என்றான்.

ஆனந்தமேரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இருபத்தைந்து வருஷத்தில் அவள் நனைவதைப் பற்றி எந்தத் தாளிலும் ஒரு வரி வந்ததில்லை.

ஜெர்ரி காரை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டி, “அப்பா உங்கள வண்டியில ஏத்திக்கினு வரச் சொன்னாரு தாந்த்,” என்றான். ரூபி தாந்த் ஒரு கேள்வி கேட்கவில்லை. பட்டுப் புடவை, முத்து மாலை, குடை, பத்தே நிமிஷம். வண்டியில் ஏறிய பிறகுதான், “எந்தக் கோயில்லடா கல்யாணம்?” என்றார்.

பின் சீட்டில் பட்டுப் புடவையைக் கண்டதும் தனிஸ்லாஸ் திடுக்கிட்டார். பெண்டாட்டிதான் கூப்பிட்டிருப்பாள், கேட்டால் சண்டை வரும், சண்டைக்குத் தாளில் நேரம் ஒதுக்கவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான்.

“தாந்த் ஏத்தியாச்சா?”

“ஏத்தியாச்சுப்பா.”

டிக்.

டிக்கியைத் திறந்து பார்த்திருக்கலாமே என்பீர்கள். தாளில் டிக் போட்ட பிறகு டிக்கியை எவன் திறப்பான்?

திண்டிவனம் வழியாகப் பறந்தார்கள். செஞ்சிக் கோட்டைக்குப் பதினெட்டு நிமிஷம் ஒதுக்கியிருந்தார்; இட்லிக் கடையில் சாம்பார் ஆறாததால் பதினேழு நிமிஷம் போய்விட்டது.

“அதோ கோட்டை. பாத்தாச்சா?”

“எங்கப்பா?”

“பின்னாடி போயிடுச்சு பாரு.” டிக்.

சாத்தனூர் அணையில் ஒரு முதலை மெல்ல வாயைத் திறந்தது. அது மூடுவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

“தாலி கட்டறது எத்தினி மணிக்கு?” என்றார் ரூபி தாந்த்.

“கல்யாணம் இல்ல தாந்த், டூரு!” என்று கத்தினாள் ஆனந்தமேரி.

“வேலூரா? யாரு வீட்டுப் பொண்ணு?”

சாயங்காலம் ஐந்து மணிக்கு, தாளில் போட்டபடி ஒரு நிமிஷம் பிசகாமல், ஜவ்வாது மலை. சாமைக் கொல்லையை ஒட்டி டெண்ட் அடிக்க இடம் விடுகிற கொளஞ்சி காத்திருந்தார். தனிஸ்லாஸ் ஒரு கையில் சுத்தியலும் ஒரு கையில் கடிகாரமுமாக நின்று முழங்கினார்:

“தாந்த்த எறக்குடா!”

ஜெர்ரி ரூபி தாந்த்தைக் கைபிடித்து இறக்கி, கொண்டுவந்து முன்னால் நிறுத்தினான்.

“இவங்கள இல்லடா. தாந்த் எங்க?”

“இவங்கதாம்பா தாந்த்.”

“டேய், வெளையாடாத. மடிச்சுப் பையில போட்டிருக்குமே, அந்தத் தாந்த்!”

ஆனந்தமேரி தாளைப் பிடுங்கி உரக்கப் படித்தாள். “இருபத்தொண்ணு: தரையைக் கூட்டித் தாந்த்தை விரிக்கவும். இருபத்திரண்டு: நாலு பக்கமும் இழுத்துக் கட்டி ஆணி அடிக்கவும்.”

ஓடுகிற வண்டியில் கேட்காதது, மலை அமைதியில் ரூபி தாந்த்துக்கு ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டுவிட்டது. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் சுத்தியலைப் பார்த்தார்.

“அடப்பாவி! ஞானஸ்நானத்துல உன் மண்டையத் தாங்கிப் புடிச்சவடா நானு!”

தனிஸ்லாஸ் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு ஹாஜாவுக்கு ஃபோன் போட்டார். “ஜிப்பு போட்டு விடிகாலையிலருந்து வாசல்ல வச்சிக்கினு உக்காந்திருந்தேண்ணே,” என்றார் ஹாஜா. “ஒருத்தரும் வரலியே.”

ஆனந்தமேரி கையை நீட்டினாள். “பேனா.”

கொடுத்தார். வேறென்ன செய்வார்?

கொளஞ்சி ஒரு தார்ப்பாயைக் கொண்டுவந்து, காருக்கும் மரத்துக்கும் குறுக்கே கட்டி முடித்தபோது மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. தார்ப்பாய்க்குக் கீழேயும் தன் குடையை விரித்துப் பிடித்து, ரூபி தாந்த் நடுவில் உட்கார்ந்துகொண்டார். ஆனந்தமேரி தாளைத் திருப்பி, முதல் வரி எழுதினாள்: ‘ஒன்று: கடலூர்.’ அவ்வளவுதான். தனிஸ்லாஸின் ஆட்சி கவிழ்ந்தது.

அவர் மனைவியின் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். ஒரு நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அதற்கு மேல் முடியவில்லை.

“எத்தினி மணிக்குக் கௌம்பறதுன்னு போடலியே?”

“காலைல.”

“காலைலன்னா? நாலும் காலைதான், பத்தும் காலைதான். குடு இப்படி, எழுதத் தெரியாம எழுதிக்கினு!”

களைத்திருந்த ஆனந்தமேரி கொடுத்துவிட்டாள். கொளஞ்சி டீ கொண்டுவருவதற்குள் மாமியார் வீட்டுப் பத்து நாளும் அரைமணி அரைமணியாக வெட்டப்பட்டுத் தயாராகிவிட்டது. மாமியார் எழும் நேரம் உட்பட.

இந்த இனத்தை அழிக்க முடியாது. ஒதுங்கிக்கொள்ளலாம் என்றாலும் வழியில்லை, அவர்தான் வண்டி ஓட்டுவார். நமக்கென்ன, நாம் அப்படியில்லை என்று சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் இதைப் படித்து வரும்போது, ‘எதுக்குத் திண்டிவனம்? விழுப்புரம் வழியாப் போயிருக்கலாமே’ என்று மனசுக்குள் ஒரு சின்னக் கோடு போட்டீர்களே, அது யார் போட்டது?

சரி, மறைக்காதீர்கள். அடுத்த லீவுக்கு எத்தனை மணிக்குக் கிளம்பச் சொல்லியிருக்கிறீர்கள்?