கொன்ட்ரோலரில் பிழை

காத்தான்குடிக் கேம் கடையில் அன்று இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். கடைக்காரர் றிஸ்வான். புடவைக் கடையில் வேலை செய்யும் நஸார். மத்தியான இடைவேளையில் விளையாட வருபவர். ஜெராட் அண்ணன், எனக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த ஸ்டெலாவின் மூத்த சகோதரன். முறை வரக் காத்திருந்த இரண்டு பேர். பிறகு நான். வெட்கப்பட வேண்டியவன் ஒருவன்தான். (கடைசியாகச் சொன்ன ஆள்.)

ஜெராட் அண்ணன் கேம் பார்க்க வரவில்லை. என்னைப் பார்க்க வந்தார். ஆள் எப்படி என்று வீட்டில் அப்பாவிடம் அவர் சொல்ல வேண்டும். அதை வைத்துத்தான் கலியாணம். பெண் பார்க்கப் போன அன்று, சண்டைக் கேமில் என்னை அடிக்க இந்தப் பக்கம் ஆள் இல்லை என்று சொல்லியிருந்தேன். (சொல்லிக்கொள்ள வேறு ஒன்றும் இருக்கவில்லை.)

"எங்க, ஒருக்காப் பாப்பம் தம்பி" என்று அவரே கூட்டி வந்தார்.

எனக்கு வாவியில் தோணி என்ஜின் திருத்தும் வேலை. பழைய என்ஜின் ஒரு இழுவையில் ஸ்டார்ட் ஆகாது. ஆகும்வரை கயிற்றை இழுக்க வேண்டும். கொன்ட்ரோலர் பட்டனையும் அப்படித்தான் அழுத்துவேன். வீட்டில் தம்பியை வெல்ல அது போதும்.

நஸார் அப்படி இல்லை. குத்து, குத்து, உதை. மூன்று பட்டன், மூன்று அழுத்தல். ஒரு அடி முடிகிற நேரம் பார்த்து அடுத்ததை அழுத்துவார். மூன்றும் இணைந்து விழும். அதுதான் கொம்போ. விழத் தொடங்கினால் நடுவில் என் ஆளால் கையைக்கூடத் தூக்க முடியாது. அதே மூன்றை நான் அழுத்தினால் என் ஆள் குத்திக்கொண்டே நின்றான். நஸாரின் ஆள் விலகிப் போன பிறகும் காற்றைக் குத்தினான்.

முதல் ஆட்டம் போயிற்று. இரண்டாவதும் போயிற்று.

"கொன்ட்ரோலர் பிழை" என்றேன்.

நஸார் தன்னுடையதை நீட்டினார். "இந்தாங்க, மாத்துவம்."

மூன்றாவது இன்னும் விரைவாகப் போயிற்று.

அத்தோடு எழும்பியிருக்கலாம். ஜெராட் அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் நிற்கவில்லை.

"இவன் ரெண்டிலயும் என்னமோ செஞ்சி வெச்சிரிக்கான். கள்ள விளையாட்டு."

நஸாரின் முகம் கறுத்தது.

"அல்லாஹ் அறிய நான் ஒண்டும் செய்யல்ல" என்றார்.

றிஸ்வான் சண்டைக்கு வரவில்லை. "இரிங்க, கேமுக்கிட்டயே கேப்பம்" என்று பயிற்சித் திரையைப் போட்டார். அதில், அழுத்துகிற ஒவ்வொரு பட்டனுக்கும் திரையின் ஓரத்தில் ஒரு அடையாளம் விழும்.

"அண்ணன், அந்தக் கொம்போவ ஒருக்கா அடிங்க."

அழுத்தினேன். வரும்வரை அழுத்தினேன். வரவில்லை. ஓரம் மேலிருந்து கீழ்வரை நிரம்பிவிட்டது.

"கொன்ட்ரோலர் நல்லாத்தான் இரிக்கி" என்றார் றிஸ்வான். "நீங்க அழுத்தின எல்லாத்தையும் வாங்கிரிக்கி. ஆள் ஒரு குத்து முடிக்கக்குள்ள நீங்க நாலு கேட்டா, கேம் அத ஞாபகம் வெச்சி இன்னொரு குத்துக் குத்தும். உதைக்கு எங்க நேரம்?"

"இது கொம்போ இல்ல, கதவு தட்டுறது" என்றான் காத்திருந்த ஒருவன்.

ஜெராட் அண்ணன் சிரிக்கவில்லை. எழுந்து போய் அந்த அடையாளங்களைத் திரையில் விரல் வைத்துச் சத்தமாக எண்ணினார். நஸார் ஒரு மன்னிப்பு வரும் என்று என் வாயைப் பார்த்து நின்றார். நான் செருப்பைத் தேடினேன்.

வீட்டுக்கு வந்து, ஸ்டெலா கையை விட்டுப் போனாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் கண்ணுக்குள் நின்றது நஸாரின் முகம்.

மறுநாள் புடவைக் கடைக்குப் போனேன்.

"நேத்துச் சொன்னது பிழை. மன்னிச்சிக்கங்க. மன்னிச்சிக்கங்க, நஸார். மன்னிச்சிக்கங்க."

அவர் துணியை மடித்துக்கொண்டே சொன்னார்: "ஒருக்கா அழுத்தினாப் போதும், அண்ணன்."

நான் வந்து போனதை நஸாரே ஜெராட் அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். அண்ணன் அப்பாவிடம் சொன்னது இவ்வளவுதான்: "பிழைய ஒத்துக்கொள்ள ஒரு நாள் எடுக்கிற ஆள். ஆனா ஒத்துக்கொள்ளுவான்." கலியாணம் நடந்தது.

நாலு வருடமாக ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் ஜெராட் அண்ணன் இந்தக் கதையை எடுக்கிறார். நான் அழுத்தின எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறது. போன நத்தாரில் இருநூறு. நான் திருத்துவதில்லை. ஒருவரைக் கள்ளன் என்று சொன்ன வாய்க்கு இருநூறும் போதாது.

அன்று நஸாரும் பலகாரம் சாப்பிட வந்திருந்தார்.

"உண்மையா, நஸார் நானா? இருநூறா?" என்று ஸ்டெலா அவரிடம் கேட்டாள்.

நஸார் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார்.

"பொய் சொல்லப்படா, தங்கச்சி. இருபத்தேழு."