கஷ்டம் உறிஞ்சும் ஆமை

ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், காலை எட்டு மணிக்கெல்லாம் செருப்புக்கடை மாடிப்படியில் கூட்டம் பிதுங்கும். மாடியில் இருந்த உடற்பயிற்சிக் கூடம் நஷ்டத்தில் மூடப்பட்ட பிறகு, அங்கே ஆமை ஐயா வந்து உட்கார்ந்திருந்தார். உடம்பைக் குறைக்க ஒருநாளும் ஏறாத படியில், கஷ்டத்தைக் குறைக்க மூச்சிரைக்க ஏறினார்கள் நம் தெருவாசிகள். பல் மருத்துவர் ஏறினார். வங்கி மேலாளர் ஏறினார். அடுக்ககச் செயலாளர், "நான் சும்மா வேடிக்கை பார்க்கத்தான் வந்தேன்" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே முதல் ஆளாக ஏறினார்.

ஐயாவின் தத்துவம் எளிமையானது. ஆமையை நாம் தேர்ந்தெடுக்கக் கூடாது. அதுதான் நம்மைத் தேர்ந்தெடுக்கும். கூடத்தில் வட்டமாக மெத்தைகள் போட்டிருக்கும். யார் எதில் உட்காருவது என்பதை ஐயா கண்ணை மூடிக்கொண்டு கைகாட்டுவார். பிறகு நடுவில் இருக்கும் கூடையைத் திறப்பார். உள்ளங்கை அகலத்தில் ஓர் ஆமை வெளியே வரும். யோசிக்கும். அப்புறம் யாரோ ஒருவரைப் பார்த்து நடக்கும். உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் உதட்டை அசைக்காமல் 'என்கிட்ட வா, என்கிட்ட வா' என்று கெஞ்சுவார்கள். ஏசி போட்ட போட்டில் எல்லோருக்கும் மயிர்க்கால் குத்திட்டு நிற்கும். அதை அருள் என்று எடுத்துக்கொண்டார்கள்.

தேர்வானவர் ஆமையோடு சில கட்டளைகளையும் விலை கொடுத்து வாங்கிப் போக வேண்டும். இருட்டான அலமாரியில்தான் வைக்க வேண்டும். வெயில் படவே கூடாது. பட்டால் சக்தி ஆவியாகிவிடும். கீரை, இலை எதுவும் ஆகாது; ஐயா தன் கையால் பிடித்த மாவு உருண்டை மட்டும்தான். ஆமை சோர்ந்து போனால் பயப்படக் கூடாது. நம்முடைய கஷ்டத்தை அது உறிஞ்சுகிறது என்று அர்த்தம். செத்துப்போனால்? மொத்தக் கஷ்டத்தையும் வாங்கிக்கொண்டு போய்விட்டது என்று அர்த்தம். ஐயாவுக்கு இனிப்பு கொடுத்துவிட்டு அடுத்த ஆமைக்கு உட்காரலாம்.

வாங்கிய மிக்சி மறுநாளே நின்றுபோனால் கடைக்காரன் சட்டையைப் பிடிக்கிற ஆட்கள்தான் இவர்கள். வாங்கிய ஆமை செத்ததற்கு இனிப்புப் பெட்டியோடு படியேறினார்கள் என்றால், ஏற்றிவிட்டவருடைய மூளைக்கு ஒரு கும்பிடு போடத்தான் வேண்டும்.

இந்தக் கூட்டத்தில்தான் தையல்கடை அக்காவும் இருந்தாள். அக்கா பெரிய சாமர்த்தியசாலி. இது அக்காவே சொன்ன தகவல். அரை விரல் குறைத்து வெட்டிய துணியைத் தூரத்தில் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். "என்னை ஏமாத்த இனிமேதான் ஒருத்தன் பொறந்து வரணும்" என்பது அவள் வழக்கமாகச் சொல்லுவது. அவன் பிறந்து, வளர்ந்து, மாடியில் ஏசி போட்டு உட்கார்ந்திருந்தது அவளுக்குத் தெரியாது.

எதிர்வரிசையில் ரெடிமேட் கடை திறந்ததிலிருந்து அவளுக்குத் தொழில் மந்தம். போனாள். முதல் தடவையே ஆமை அவளைப் பார்த்து நடந்து வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கடையின் துணி அலமாரியில், வெட்டுத்துண்டுகளுக்கு நடுவே ஆமை குடியேறியது. அதற்கு 'முதலாளி' என்று பெயர் வைத்தாள். நாள் முழுக்க அசையாமல் இருந்துகொண்டு, நடக்கிற நல்லதுக்கெல்லாம் பெயர் வாங்கிக்கொள்கிறதே, வேறென்ன வைப்பது? அடுத்த வாரமே பள்ளிச் சீருடை ஆர்டர் வந்தது. பள்ளிக்கூடம் திறக்கிற மாதத்தில் வருஷா வருஷம் வருகிற அதே ஆர்டர்தான். இந்த வருஷம் மட்டும் ஆமையால் வந்தது.

சிக்கல் என்னவென்றால், அக்காவுக்கு முதலாளி மேல் பாசம் வந்துவிட்டது. அலமாரிக் கதவை ஒரு விரல் திறந்து வைத்துக்கொண்டு, மெஷினை மிதித்தபடியே ஊர்க்கதை எல்லாம் அதனிடம் சொல்லுவாள். அதுவும் கழுத்தை நீட்டிக் கேட்கும். மூன்றாவது மாதம் கழுத்தை நீட்டுவது நின்றது. உருண்டையைத் தொடவில்லை. கண் வீங்கிப் பாதி மூடியிருந்தது. ஐயாவிடம் ஓடினாள். "உறிஞ்சி முடிக்கப்போகுதும்மா. சந்தோஷமா இரு" என்றார். அக்காவும் சந்தோஷமாக இருக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை. இரண்டு சட்டைகளுக்குக் காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான், பை ஜிப்பை மாற்ற நாத்தனார் வந்தாள். அவளுக்கு மிருக மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் வேலை. அலமாரிக்குள் எட்டிப் பார்த்தவள் ஆமையை எடுத்து ஓட்டைக் கட்டை விரலால் லேசாக அழுத்தினாள். ஓடு அமுங்கியது.

"அண்ணி, என்ன இது, தோள்பட்டைக்கு வைக்கிற பஞ்சு மாதிரி இருக்கு?"

"மெதுவாம்மா! கஷ்டத்தை உறிஞ்சிருக்கு."

"யாரு கஷ்டத்தை?"

"என் கஷ்டத்தைத்தான்."

"உங்களுக்கு வந்த கஷ்டமே இதுதானே! வெயிலே படாம, இலை தழை ஒண்ணும் தின்னாம இருந்தா சுண்ணாம்புச் சத்து எங்கேருந்து வரும்? இது தரை ஆமை. மேயுற ஜீவன். இன்னும் பத்து நாள் இப்படியே வச்சிருந்தீங்க, செத்துப்போகும்."

அக்காவுக்கு மெஷின் மிதித்த கால் அப்படியே நின்றது. "ஆனா அது தானாத்தாம்மா என்னைத் தேடி வந்துச்சு. நான் அங்க போய் உட்கார்ந்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. கீழேருந்து ஒரு கதகதப்பு. அப்படியே உடம்புக்குள்ள ஏறுச்சு. அருள்."

நாத்தனார் அயர்ன் பெட்டியைப் பார்த்தாள். "அண்ணி, இது சூடாயிருச்சான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"விரலை நனைச்சுத் தொட்டுப் பாப்பேன். இருபது வருஷமா பாக்குறேன், இது என்ன கேள்வி?"

"அன்னிக்கு எதை வச்சுத் தொட்டுப் பாத்தீங்க?"

அக்கா தான் உட்கார்ந்திருந்த முக்காலியைக் குனிந்து பார்த்தாள். இருபது வருஷமாக எந்தத் துணிக்கு எவ்வளவு சூடு என்று விரல் நுனியில் சொல்கிறவள், சூட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டு அதற்கு அருள் என்று பெயர் வைத்திருக்கிறாள். கோபம் ஐயா மேல் வரவில்லை. முதலில் தன் மேல்தான் வந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. சிரிப்பை அடக்க ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டாள்.

அன்றே முதலாளி மருத்துவமனைக்குப் போனது. சொட்டு மருந்து, சுண்ணாம்புச் சத்து, ஆழமில்லாத தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர்க் குளியல், காலை வெயில். சக்தி ஆவியாகிறதா என்று அக்கா முதல் நாள் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். ஓர் ஆவியும் வரவில்லை. ஐந்தாம் நாள் முதலாளி ஒரு கீரை இலையைக் கடித்தது. கடைக்கு வந்த வாடிக்கையாளர்களுக்கெல்லாம் அந்த இலையை, அதிலிருந்த ஓட்டையோடு காட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணியும் நாத்தனாரும் மாடியேறினார்கள். அக்காவின் பையில் ஒரு செங்கல். சும்மா எடுத்துப்போக மனம் வரவில்லை. அளவெடுத்து, பொத்தான் வைத்து, அதற்கு ஒரு சட்டை தைத்திருந்தாள். தொழில் சுத்தம்.

"பழைய ஆமை முடிஞ்சிருச்சா?" என்று கேட்டார் ஐயா.

"உங்க கணக்குக்கு முடிஞ்சிருச்சு, ஐயா."

ஐயா பரவசமாகி அதே மெத்தையைக் கைகாட்டினார். அக்கா உட்கார்ந்தாள். அதே கதகதப்பு. இந்தத் தடவை அருள் வரவில்லை, வேர்த்தது. ஐயா கூடையைத் திறந்ததும் எழுந்தாள். சட்டை போட்ட செங்கல்லை மெத்தையில் உட்காரவைத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றாள்.

"என்னம்மா அது?"

"செங்கல்லுங்க. அதுக்கும் வீட்டுல கஷ்டம்."

கூட்டம் சிரிக்கலாமா என்று ஐயாவின் முகத்தைப் பார்த்தது. ஆமை யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. ஏசிக் குளிரில் கழுத்தை நாலு பக்கமும் நீட்டியது. பல் மருத்துவரைக் கடந்து, வங்கி மேலாளரைக் கடந்து, நேராகச் செங்கல்லிடம் போய் அதன் பொத்தானில் தலையைச் சாய்த்தது.

ஐயா தொண்டையைக் கனைத்தார். "கல்லுக்குள்ளயும் ஒரு ஜீவன் உண்டு..."

"இருக்கட்டும். ஆனா குளிர்ல ஆமை சூட்டைத் தேடித்தான் போகும்" என்றாள் நாத்தனார். மெத்தையைத் தூக்கினாள். அடியில் மின்சார ஒத்தடப் பட்டை ஒன்று இருந்தது. 'இடுப்பு வலிக்கு மட்டும்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. அதன் வயர் விரிப்புக்கு அடியில் ஓடி, ஐயாவின் ஆசனத்துக்குப் பின்னால் ஏறியது. அவள் பட்டையை இழுத்து ஐயாவின் காலடியில் போட்டாள். ஆமையை எடுத்து மறுபடி நடுவில் விட்டாள்.

ஆமை அவசரப்படவில்லை. கூட்டம் காத்திருந்தது. ஐயா எழுந்து போகலாம் என்று பார்த்தார். அடுக்ககச் செயலாளர் கதவை மறித்துக்கொண்டு, "வேடிக்கை பார்க்கத்தான் வந்தேன், பார்த்துட்டுப் போவோம்" என்றார். ஆமை நடந்தது. ஐயாவின் காலடிப் பட்டை மேல் ஏறிக் கண்ணை மூடியது.

"ஐயாவையே தேர்ந்தெடுத்துருச்சு!" என்று கத்தினாள் அக்கா. "இருட்டு அலமாரியில வச்சுக்குங்க ஐயா! வாடிப்போனா எங்களுக்கு இனிப்பு குடுங்க!"

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. யாரோ ஏசியை நிறுத்தினார்கள். உடம்புச் சிலிர்ப்பு அடங்கியதும் பலருக்கு அருளும் அடங்கியது. ஆசனத்துக்குப் பின்னால் வேறு கூடைகளில் இருந்த ஆமைகளையும் சேர்த்து நாத்தனார் மருத்துவமனைக்கு அனுப்பினாள். ஐயா படியிறங்கிய வேகத்தை அந்த உடற்பயிற்சிக் கூடம் அதன் நல்ல நாளில்கூடப் பார்த்ததில்லை.

அக்கா செங்கல்லை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது பல் மருத்துவர் மெல்லப் பக்கத்தில் வந்தார். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார்.

"அம்மா, அந்தச் செங்கல்..."

"என்ன டாக்டர்?"

"இவ்வளவு பேர் இருந்தும் அதைத்தானே தேடிப் போச்சு. என்ன இருந்தாலும் அதுல ஏதோ ஒண்ணு இருக்குமோ? என்ன விலைன்னாலும் எடுத்துக்கிறேன்."

அவருக்குப் பின்னால் வங்கி மேலாளர் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர்.

அக்காவுக்குச் சிரிக்க வாய் வரவில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் என்றால் அந்த வரிசையில் முதல் ஆளாக அவள்தான் நின்றிருப்பாள். செங்கல்லை இடுப்பில் இறுக்கிக்கொண்டு சொன்னாள்:

"ஆமை பயந்தா தலையை உள்ள இழுத்துக்கும், டாக்டர். ஆனா பயம் தீர்ந்ததும் வெளிய நீட்டிரும். நீங்கல்லாம் எப்ப நீட்டப் போறீங்க?"