பென்சில்காரர் சொன்னால் சரி

ஜூலை மாதத்தில் அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் புத்தியுள்ள பல்லிகூட வெளியே வராது. அந்த ஜூலையில்தான் என் அப்பா வெர்ல் ஒரு சபதம் எடுத்தார். புத்தகத்தில் இருக்கும் எல்லாப் பாதைகளையும் கோடைக்குள் ஓட்டி முடிப்பது. மொத்தம் நாற்பத்தொன்று. மிச்சம் ஒன்று.

எனக்குப் பதினேழு வயது. பதினோராம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டாச்சு, டயர் கடையில் வேலை. பெருமைக்குச் சொல்லவில்லை. எங்கள் வண்டிக்குப் பெரிய டயர் மாட்டியது நான்தான், அதனால் சொல்கிறேன்.

புத்தகம் என்பது பாலைவன மண் பாதைகளுக்கான வழிகாட்டி. இத்தனையாவது மைலில் இடப்பக்கம் திரும்பு, இத்தனையாவது மைலில் ஓடையைக் கடந்து போ என்று மைல் கணக்கில் வழி சொல்லும். அம்மா பழைய புத்தகக் கடையில் வாங்கி அப்பாவின் பிறந்தநாளுக்குக் கொடுத்தது. முன்பு வைத்திருந்த யாரோ ஓரங்களில் பென்சிலால் எழுதியிருந்தார். 'இங்கே கூடாரம் போடாதே, தேள்.' 'நிழல் கிடையாது, விடியும் முன் கிளம்பு.' அப்பாவுக்கு அச்செழுத்தைவிடப் பென்சில் பெரிது. அந்த ஆளுக்குப் 'பென்சில்காரர்' என்று பெயர் வைத்து, சாப்பாட்டு மேசையில் செத்துப்போன சித்தப்பாவைப் பற்றிப் பேசுவதுபோல அவரைப் பற்றிப் பேசுவார்.

போன கோடையில், மிச்சமிருந்த அந்தப் பாதை போகும் பள்ளத்தாக்கில் ஒரு நகரத்துத் தம்பதி காணாமல் போனார்கள். தேடப் போன கூட்டத்தில் அப்பாவும் இருந்தார். கண்டுபிடித்ததே அவர்தான். வண்டியிலிருந்து மூன்று மைல் தள்ளி, ஒரே புதருக்கடியில். தூக்கி வந்தவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. இனிமேல் கோடையில் உள்ளே போகாதே என்று அம்மா கேட்டாள். அதற்கு அவர் சொன்ன பதில் இது:

"அவங்ககிட்ட புத்தகம் இல்ல, நடீன்."

ஆக, போனோம். அப்பா, அம்மா, நான், ஐந்து வயதுத் தங்கச்சி ஓபல். இரண்டு கேன் தண்ணீர். ஏன் இரண்டே இரண்டு? வழியில் ஊற்று இருப்பதாகப் புத்தகம் சொல்லியிருந்தது.

திருப்பம் இருபத்திரண்டாவது மைலில். நான் அப்பாவிடம் முன்பே சொன்னேன். பெரிய டயர் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும், மீட்டர் குறைத்துத்தான் காட்டும், அது இருபத்திரண்டு காட்டும்போது நாம் இருபத்துநாலில் நிற்போம் என்று. பள்ளிக்கூடத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தால் கணக்கு வந்திருக்கும் என்றார். மீட்டர் இருபத்திரண்டு காட்டியது. அங்கேயும் இடப்பக்கம் ஒரு தடம் இருந்தது. அதுதான் வினை. பாலைவனத்தில் எங்கே நின்றாலும் இடப்பக்கம் ஒரு தடம் இருக்கும். எவனோ சுரங்கம் தோண்டப் போய்த் திரும்பாத தடம்.

அந்தத் தடத்தில் ஆறாவது மைலில் வண்டி மணலில் புதைந்தது. இரண்டு மணி நேரம் தோண்டினோம். வண்டி வெளியே வந்தது, ரேடியேட்டர் கொதித்தது. ஒரு கேனை அது குடித்தது. இன்னொரு கேனில் பாதியை நாங்கள் குடித்திருந்தோம். காலையிலிருந்து பாடிக்கொண்டே வந்த ஓபல் பாட்டை நிறுத்தினாள். பிறகு தண்ணீர் கேட்பதையும் நிறுத்தினாள். கேட்டபோது எனக்கு எரிச்சலாக இருந்தது. கேட்காதபோது கேனை ஆட்டி எவ்வளவு மிச்சம் என்று பார்த்தேன்.

"நாலே மைல்," என்றார் அப்பா. "ஊத்து வந்துடும். குழாய் போட்டு விட்டிருக்காங்களாம்."

"அது வேற ரோட்டுல இருக்கு வெர்ல். திருப்பு."

"புத்தகத்துல போட்டிருக்கு."

"உன் பொண்ணு உதட்டைப் பாரு."

"அதுக்குத்தானே ஊத்துக்குப் போறோம்."

அம்மா அதற்கு மேல் சண்டை போடவில்லை. அப்படி விட்டுக்கொடுப்பது அவள் வழக்கமே இல்லை. அந்த மேட்டில் ஏறி முன்னால் பாதை எப்படி இருக்கிறதென்று பார்த்துவிட்டு வா என்று மட்டும் சொன்னாள். அவர் போனார். அம்மா முன்சீட்டில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஜெபம் பண்ணுகிறாள் என்று நினைத்தேன்.

அப்பா திரும்பி வந்து சாவியைத் தொட்டார்.

"போலாம்," என்றாள் அம்மா. "எதுக்கும் இன்னொரு தடவை படிச்சுடு. கண்ணாடி போட்டுப் படி."

போட்டார். படித்தார். ஊற்று என்று அச்சிட்டிருந்த வரிக்குப் பக்கத்தில் மங்கலான பென்சில்: 'வற்றிவிட்டது. குழாயில் குளவிக்கூடு. சுற்றிலும் செத்த கழுதைகள். திரும்பு.'

அப்பாவின் முகத்தில் இருந்த சிவப்பு இறங்கியது.

"காலைல இதைப் பாக்கலையே."

"காலைல நீ கண்ணாடி போடல."

வண்டியைத் திருப்பினார். மூடியில் ஊற்றி ஊற்றி ஓபலுக்குக் கொடுத்தாள் அம்மா. அப்பா ஒரு சொட்டும் வாங்கவில்லை. சாயங்காலம் நாலு மணிக்குத் தார்ச்சாலையும் முச்சந்திக் கடையும் வந்தன. ஓபல் குடித்தாள், வாந்தி எடுத்தாள், மறுபடி குடித்தாள், அப்புறம் பாடினாள். அவ்வளவு கர்ணகடூரமான பாட்டு அன்றைக்குக் கேட்க நன்றாக இருந்தது. அப்பா ஐஸ் பெட்டி நிழலில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதார். கண்ணைத் துடைத்ததும் கடைக்காரம்மாவிடம் பென்சில்காரரின் மகிமையை ஆரம்பித்துவிட்டார்.

கழிவறையில் அம்மா முகம் கழுவிக்கொண்டிருந்தாள். அந்தக் குறிப்பு நீ இன்றைக்கு எழுதியதுதானே என்று கேட்டேன். ஆமாம் என்றாள்.

"ஊத்து வத்திடுச்சுன்னு உனக்கெப்படித் தெரியும்?"

"தெரியாது. தேனாட்டம் தண்ணி வந்துட்டிருக்கும். அது இருக்கிற ரோட்டுல."

"அப்போ மத்த குறிப்பெல்லாம்?"

குழாயை மூடினாள். "நான் வாங்கும்போது புத்தகம் சுத்தமாத்தான் இருந்துச்சு. முதல் ரோட்டுலயே வேணாம்னு வாயால சொன்னேன். ரெண்டு டயர் போச்சு. அதுக்கப்புறம் ரேஞ்சர் ஆபீசுக்கு போன் போட்டு விசாரிக்கறது, எழுதி வைக்கறது."

உள்ளே தேள் இருக்கும் என்று பென்சில்காரர் சொன்னதற்காக நான்கு வருஷமாகக் காலணியை உதறி உதறிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். வீட்டில் அம்மா அதையே சொன்னபோது ஒருநாள்கூட உதறியதில்லை.

வெளியே அப்பா தண்ணீர் குடித்த தெம்பில் நிமிர்ந்து நின்றார். அந்த மனுஷனின் அறிவில் பத்தில் ஒரு பங்கு கட்டியவளுக்கு இருந்திருந்தால் இந்தக் குடும்பம் எங்கேயோ போயிருக்கும் என்று கடைக்காரம்மாவிடம் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். அம்மாவைக் கண்டதும் குரலை உயர்த்தினார்.

"அடுத்த ஜூலைல உன்னை வீட்டுல விட்டுட்டு, அவரைத் தேடிப் பிடிச்சு அவரோடதான் இந்த ரோட்டுக்கு வரப்போறேன்."

அம்மா ஓபலுக்கு பெல்ட்டைப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"அவரும் வரமாட்டாராம்."